பேயை நம்பாத இன்ஸ்பெக்டர்

என் தம்பி உருவாக்கிய துப்பறிவாளர் ஓர் ஏட்டு. டீக்கடையில் ஓசியில் வாங்கிய போண்டா தொண்டையில் சிக்கிச் செத்துப்போனவர். செத்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. மேலிடத்திலிருந்து ரிலீவிங் ஆர்டர் வரவில்லையே, ஆர்டர் இல்லாமல் எப்படிப் போவது என்பது அவர் கட்சி. அதனால் எங்கள் ஊர் ஏரிக்கரையில் பாழடைந்து கிடக்கும் மோட்டார் கொட்டகையில் ஒரு கால் உடைந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுற்றுவட்டாரப் பேய்களின் புகார்களை விசாரித்து வந்தார்.

தம்பி இந்தக் கதைகளை எழுதியதில்லை. பேனாவைக் கையில் எடுத்தால் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி, வாய்ஸ் மெசேஜாக எனக்கு அனுப்பிவிடுவான். பஸ்ஸின் இரைச்சல், யாரோ இருமுவது, ஜன்னல் கண்ணாடி ஆடுவது எல்லாம் சேர்ந்தே வரும். பயங்கரமான கட்டம் வரும்போது தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக் கதையைக் கோட்டை விடுவான்.

ஒரு கதையில் புளியமரத்து மோகினி ஒருத்தி அழுதுகொண்டே புகார் கொடுக்க வருகிறாள். அவளுடைய கொலுசில் ஒன்று காணாமல் போய்விட்டது. ‘ஜல் ஜல்’ என்று வந்துகொண்டிருந்தவள் இப்போது வெறும் ‘ஜல்’ என்று வருகிறாள். ஒருத்தனும் பயப்படுவதில்லை. நொண்டி ஆடு என்று நினைத்துக் கல்லால் அடிக்கிறார்கள். ஏட்டு ஊர் ஊராக அலைந்து, கொலுசை எடுத்தது பக்கத்து ஊர் முனி என்றும், தன் பேத்தியின் காதுகுத்துக்குப் போட்டு அனுப்பிவிட்டார் என்றும் கண்டுபிடிக்கிறார். இன்னொரு கதையில் ஒரே பெண்ணை இரண்டு பேய்கள் பிடித்துவிடுகின்றன. யார் முதலில் பிடித்தது என்று தகராறு. ஏட்டு சர்வேயரை வரவழைத்து அளந்து, கழுத்துக்கு மேலே ஒன்றுக்கு, கழுத்துக்குக் கீழே ஒன்றுக்கு என்று பட்டா பிரித்துக் கொடுக்கிறார். மேலே இருக்கும் பேய் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட, கீழே இருக்கும் பேய்க்கு வயிற்றுப்போக்கு. வழக்கு மறுபடியும் ஏட்டிடம் வருகிறது.

இந்தக் கதைகளிலெல்லாம் தவறாமல் வருகிற, உயிரோடு இருக்கிற ஆள் ஒருத்திதான். ஏட்டு வேலை பார்த்த ஸ்டேஷனின் பெண் இன்ஸ்பெக்டர். அவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நம்பாதவர் கண்ணுக்குப் பேய் தெரியாது என்பது தம்பி வைத்த சட்டம். ஆகவே ஏட்டு தினமும் காலையில் அவள் மேசைக்கு முன்னால் நின்று விறைப்பாக சல்யூட் அடித்து, முடித்த வழக்குகளை ஒப்பிப்பார். அவளோ அவருடைய வயிற்றின் வழியாக நடந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடிப்பாள். ‘மேடம் டூட்டில கண்டிஷன். நம்மள நிமிந்துகூட பாக்கமாட்டாங்க’ என்று ஏட்டு மற்ற பேய்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

அந்த இன்ஸ்பெக்டர் யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கதை தொடங்கியதிலிருந்து தம்பி என்னை அக்கா என்று கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு மேடம் என்றுதான் கூப்பிட்டான்.

எனக்கு ஊர்ப் பால் சொசைட்டியில் பால் பார்க்கிற வேலை. எவர் வீட்டுப் பாலாக இருந்தாலும் என் கருவி உள்ளே மூழ்கி எழாமல் கேனில் ஊற்ற முடியாது. தண்ணீர் கலந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ‘மாடு மழையில் நனைந்துவிட்டது’ என்றுகூட ஒருவர் எனக்குக் காரணம் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட வேலையில் இருக்கிறவளிடம் வந்து பேய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? தம்பியின் கதைகளையும் நான் அப்படித்தான் கேட்பேன். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று முன்பே சொல்லிவிட்டு இப்போது ஏட்டு எப்படிச் சேற்றில் வழுக்கி விழுந்தார் என்று கேட்டு அனுப்புவேன். ‘பழக்கதோஷம் மேடம்’ என்று பதில் வரும். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

எங்களுக்கு அப்பா இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அம்மா நாற்று நட்டும் களை பறித்தும் எங்களை வளர்த்தாள். என்னைக் கட்டிக்கொடுத்ததும் இதே ஊரில், அடுத்த தெருவில்தான். அம்மாவும் தம்பியும் காலனி வீட்டில் இருந்தார்கள். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போது, எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு வந்த டிப்பர் லாரி அவன்மேல் ஏறிவிட்டது.

எங்கள் ஊர் வழக்கப்படி வெளியில் செத்தவர்களின் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த தம்பியைத் தெருவில் ஷாமியானா பந்தலுக்குக் கீழே கிடத்தினார்கள். அம்மா ஒவ்வொருவர் காலையும் பிடித்தாள். “ஒரு நிமிசம் உள்ள வெச்சிட்டு எத்துக்கினு போங்கடா. காலைல டிபன் டப்பா எடுத்துக்கினு பூட்டு வரேன்னு சொல்லிட்டுப் போன புள்ளடா அது. வூட்டுக்கு வர வேணாமா?” என்று கெஞ்சினாள். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா சொன்னது எதுவும் நடக்கவில்லை. தெருவிலிருந்தே அவனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவனை இழந்தது ஒரு துக்கம் என்றால், அவன் வீடு வந்து சேரவில்லை என்பது அம்மாவுக்குத் தனித் துக்கமாகிவிட்டது. உச்சி வேளையில் வாசற்படிக்கு நேராக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். “அங்கதான் நிக்கிறான். உள்ள வரத் தெர்ல அவனுக்கு” என்பாள். வெயிலில் ஒரு நாய்கூட இருக்காது. நான் அவளை எழுப்பி உள்ளே இழுத்துக்கொண்டு போவேன்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் எல்லாம் இல்லை. வரவில்லை. காரியம் முடிந்த கையோடு சொசைட்டிக்குப் போய்விட்டேன். “கல்லு மாரி கீது பாரு. கூடப் பொறந்தவன் போனதுக்கு ஒரு சொட்டு வரல” என்று வரிசையில் நின்ற பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். பேசியவர்களின் பாலை இன்னொரு முறை சோதித்தேன். வேறு என்ன செய்வது?

அழுகைக்குப் பதிலாக எனக்கு வந்தது விசாரணை. அந்த ரோட்டுக்குப் போனேன். லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது, அவன் எங்கே நின்றான், கையில் என்ன வைத்திருந்தான் என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். “ஸ்பாட்லயே பூட்டாம்மா. தெரிஞ்சிருக்கவே தெரியாது” என்றார். அவர் இதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கிற அம்மா என்னைப் பார்க்காமல் பழத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். நான்கைந்து முறை போய் அவரிடம் கொய்யா வாங்கினேன். கடைசியில் ஒரு நாள் அவராகவே சொன்னார்.

“தண்ணி கேட்டுச்சிம்மா அந்தப் புள்ள. ரெண்டு தபா கேட்டுச்சி. அடிபட்டவங்களுக்குத் தண்ணி தரலாமா கூடாதான்னு ஆளாளுக்குப் பேசிக்கினு இருந்தாங்க. எங்கைல பாட்டில் இருந்திச்சி. குடுக்காதன்னு ஒருத்தன் கத்தினான், நானும் நின்னுட்டேன். அதுக்குள்ள…”

வழக்கு அங்கே முடிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் டீக்கடைக்காரர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

ஐப்பசி மழை விட்ட சமயம், ஊரில் பேச்சு கிளம்பியது. ஏரிக்கரை மோட்டார் கொட்டகையில் நடுமத்தியானத்தில் என் தம்பியின் குரல் கேட்கிறதாம். பேசுகிறானாம், சிரிக்கிறானாம். மாடு மேய்க்கப் போனவர் மாட்டையும் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பேய் என்றால் ஓலமிட வேண்டும், அல்லது பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இந்தப் பேய் மோகினி, கொலுசு, சர்வேயர் என்று என்னென்னவோ பேசுகிறது என்று காய்ச்சல்காரப் பெண் சொன்னபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணி வெயிலில் கொட்டகைக்குப் போனேன். உள்ளே தம்பியின் குரல் கேட்டது. பஸ் இரைச்சலோடு கேட்டது. சுவரோரம் தம்பியோடு வேலை பார்த்த அவன் கூட்டாளி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அனுப்பியதையெல்லாம் தம்பி இவனுக்கும் அனுப்பியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு எழுந்துகொண்டான்.

“வூட்ல போட்டா எங்கம்மா கத்துதுக்கா. செத்தவன் கொரல வூட்ல போடாதன்னுது. இங்க உக்காந்து கேட்டா அவன் பக்கத்துல கீற மாரியே கீது.”

நான் திட்டத்தான் போனேன். “இயர்போன் போட்டுக் கேளுடா. ஊரே பேதி புடுங்கிக் கெடக்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் போனிலும் அவை இருந்தன. அவன் போன பிறகு நான் ஒன்றையும் திறந்து கேட்டதில்லை.

பேயைப் பிடித்துவிட்ட பெருமிதத்தோடு நேராக அம்மாவிடம் போனேன். பயப்படாதே, அது வெறும் போன் என்றேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் பயப்பட்டிருக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரே நடுங்கிக்கொண்டிருந்த அந்தச் சில நாட்களில் அவள் ஒருத்திதான் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டான், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“போனா?” என்றாள். கஞ்சி கைமேல் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “அப்ப இன்னும் ரோட்லயேதான் கீறானா?”

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். ஒரு வாய் வைப்பாள், மீதியை வாசலில் கொண்டுபோய் வைப்பாள். காக்கையும் நாயும் கொழுத்தன. அம்மாவின் ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழியத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். தம்பிக்குப் பின்னால் இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “இனிமே மாத்திர மருந்துக்கு ஆவாது. அவன வூட்டுக்கு அயச்சிடலாம்” என்றார்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். செத்துப்போனவரைத் தண்ணீர்க்கரையில் பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். அவர் தன் ரத்த சொந்தத்தில் யார்மேலாவது இறங்கிப் பேசுவார். வந்தது அவர்தான் என்று நிரூபித்ததும், குடத்துத் தண்ணீரில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சாமியாக வைத்துக்கொள்வார்கள். உடலாக உள்ளே வர முடியாதவன் குடத்தில் ஏறி வரலாம். இதைக் கேட்டதிலிருந்து அம்மா தலைக்குக் குளித்து, விரதம் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் இளைத்தாள். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை திருமுக்கூடலுக்குப் போனோம். மூன்று ஆறும் சேர்கிற இடம் என்று பெயர்தான், மணலுக்கு நடுவே ஓர் ஓரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஏற்பாடு செய்த பம்பைக்காரர் வயதில் என்னைவிடச் சின்னவர், டிராக் பேன்ட்டுக்கு மேலே மஞ்சள் துண்டு கட்டியிருந்தார். மணலில் வாழையிலை போட்டு, தம்பிக்குப் பிடித்த பரோட்டாவும் சால்னாவும் வைத்தோம். அம்மா கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, இலைக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தாள். பம்பை தொடங்கியது.

அவர் நன்றாகப் பாடினார். பிறந்தது, வளர்ந்தது, அப்பா போனது, வேலைக்குப் போனது என்று மாமா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பாட்டில் வைத்து, வா ராஜா வா என்று அழைத்தார். மாமா அழுதார். அம்மாவின் உடம்பு லேசாக ஆடும். வந்துவிட்டான் என்று எல்லோரும் முன்னால் நகர்வோம். உடனே நின்றுவிடும். அம்மா கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையை அசைப்பாள்.

வெயில் ஏறியது. பம்பைக்காரர் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அடித்தார். பம்பைத் தோலை வெயிலில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு இன்னொரு முறை அடித்தார். பரோட்டாவில் எறும்பு ஏறியது. கடைசியில் அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“வர்ல தாயி. செத்த எடத்துலயே கட்டிப்போட்ட மாரி கீது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. மண்டி போட்டபடியே தண்ணீர் ஓரமாக நகர்ந்து போய், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கூப்பிட்டாள். “வாடா நைனா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். லேட்டா வந்தா திட்டுவேன்னு பயந்துகினு நிக்கிறியா? திட்டமாட்டண்டா. வாடா.”

அந்த வினாடியில் நான் முடிவெடுத்தேன். எனக்கு அருள் வந்தது, தம்பி என்னைத் தேர்ந்தெடுத்தான் என்று நம்ப விரும்புகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. ஆனால் நடந்தது நடிப்புதான். இவள் இனி ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. கொண்டையைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டேன்.

எத்தனையோ பெண்கள் ஆடியதைப் பார்த்து, இது இவ்வளவு தண்ணீர், அது அவ்வளவு தண்ணீர் என்று மனதுக்குள் சான்றிதழ் கொடுத்தவள் நான். ஆடிப் பார்த்தால்தான் தெரிகிறது. கழுத்து வலிக்கிறது, மயிர் வாய்க்குள் போகிறது, எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. எந்தக் குரலில் கத்துவது என்றும் தெரியாமல் ‘ஹூம்’ என்று ஒரு சத்தம் போட்டேன். காலனியில் பன்றி அப்படித்தான் கத்தும். பம்பைக்காரர் துள்ளி எழுந்து அடியைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு வந்துகீற? ஆணா பொண்ணா?”

“ஆணு.”

“பேரு சொல்லு!”

தம்பியின் பேரைச் சொன்னேன். மாமா கைகூப்பிக்கொண்டு கீழே விழுந்தார்.

“இவ்ளோ நேரமா கூப்புடுறமே, பெத்தவ தொண்ட காஞ்சிபோச்சே, எங்க இருந்த?”

இதற்கு என்ன சொல்வது? நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. “கம்பெனி பஸ்ஸு லேட்டு.”

மாமா பக்கென்று சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “அவனேதான்க்கா, அவனேதான்” என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா தண்ணீர் ஓரத்திலிருந்து எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள்.

பம்பைக்காரர் அவ்வளவு லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. செய்தித்தாளில் மடித்த மூன்று பொட்டலங்களை மணலில் வைத்தார். ஒன்றில் விபூதி, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் குங்குமம். வந்தவன் எதை எடுக்க வேண்டும் என்று அம்மா அவர் காதில் மட்டும் சொன்னாள். எடுத்துவிட்டால் மகன், தவறினால் வேறு ஏதோ சில்லறைப் பேய். மயிருக்கு நடுவே அம்மாவைப் பார்த்தேன். அம்மா இடது ஓரத்துப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. நான் அதை எடுத்துப் பிரித்தேன். விபூதி கொட்டியது. பம்பைக்காரர் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அம்மா ஏன் அந்தப் பொட்டலத்தையே அப்படிப் பார்த்தாள் என்று நான் பிறகு கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அம்மா என் எதிரே உட்கார்ந்து என் முகவாயைப் பிடித்தாள். கடைசியாக அவள் அப்படிப் பிடித்தது எனக்கு நினைவில்லை.

“வலிச்சுதா நைனா?”

கொய்யா விற்கிற அம்மாவின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. தலையை ஆட்டுவதை நிறுத்தாமல் இருந்தேன், நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று.

“இல்லம்மா. ஒண்ணுமே தெர்ல. தூங்கிட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் என் முகவாயை விட்டாள். குடத்தில் ஆற்றுத்தண்ணீரை மொண்டு, மஞ்சள் போட்டு, வேப்பிலை செருகி என் இடுப்பில் வைத்தார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் குடித்து உள்ளே போகும்வரை வந்தவன் இறங்கக்கூடாது. ஆகவே ஷேர் ஆட்டோவில் வழி முழுக்க நான் தம்பியாகவே ஆடிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் குடத்துத் தண்ணீர் என் மடியில் கொட்டியது. “சாமி, கம்பிய புடிச்சிக்கோ சாமி, மேடு வருது” என்று ஆட்டோக்காரர் பயபக்தியோடு எச்சரித்தார். வேறு நாளாக இருந்தால் இதை உடனே தம்பிக்கு அனுப்பியிருப்பேன்.

வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. ஷாமியானா போட்ட இடத்தில்தான் நின்றேன். அம்மா முதலில் உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் வாயில் வைத்தாள்.

“குடி நைனா. தாகமா வந்திருப்ப.”

குடித்தேன். மூச்சு விடாமல் குடித்தேன். மூக்கில் ஏறியது, நெஞ்சில் வழிந்தது. செம்பு காலியானது. இன்னொன்று கேட்டேன். அம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன். வயிறு வலித்தது. யாராவது இன்னும் கொடுத்திருந்தால் இன்னும் குடித்திருப்பேன்.

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

“உங்கக்கா அயுவவே இல்ல நைனா. நீ போன நாள்லேர்ந்து ஒரு சொட்டு வுடல. ஊர்ல அவள இன்னான்னவோ பேசறாங்க. எனக்கு அவள நெனச்சாதான் பயமா கீது. உன்னக் குடுத்துட்டேன், அவளயும் குடுத்துடுவனோன்னு பயமா கீது. நான் சொன்னா கேக்கமாட்டா. நீ சொன்னா கேப்பா. எதுனா சொல்லுடா.”

நான் பதில் சொல்ல வேண்டும். அவனாக ஒரு வார்த்தை, சிரிக்க வைக்கிற மாதிரி. ஆட்டோவில் பத்து யோசித்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தலை ஆடுவது நின்றுவிட்டது. வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. ‘டேய்’ என்று மட்டும் கேட்டது. அது என் குரல்தான். அவனைக் கூப்பிட்ட குரல். அதற்குப் பிறகு நான் தெருவில் நின்று ஓவென்று அழுதேன். குடம் சரிந்தது. இவ்வளவு மாதமும் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, நிற்காமல் வந்தது. சாமி மலையேறிவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

அம்மா குடத்துக்கு ஒரு கை கொடுத்து நிமிர்த்தினாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அயட்டும். வெயில்ல நின்னுக்கினு இன்னாத்துக்கு அயுவணும்? உங்கக்காவ உள்ள வந்து அயுவச் சொல்லு” என்றாள்.